விற்கப்போகிற காருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? பலரும் செய்யும் தவறுகள்

காரை விற்பது என்று முடிவானதும் பலரும் முதலில் போய் நிற்பது டிங்கரிங் கடையில்தான். பம்பரில் உரசல், கதவில் யாரோ பைக் ஹேண்டிலால் இழுத்துவிட்டுப் போன கோடு, பின்பக்கம் ஒரு சின்ன நெளிசல். எல்லாவற்றையும் சரி செய்து பளபளவென்று நிறுத்தினால் விலை ஏறும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் இந்தக் கணக்கு உதைக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்களிடம் ‘ஒரிஜினல் பெயிண்ட்’ என்பதற்குத் தனி மரியாதை உண்டு. கோடு விழுந்த கதவைப் பார்த்தால் எங்கேயோ உரசியிருக்கிறது என்று கடந்துவிடுவார்கள். நம் ஊர் டிராஃபிக்கில் ஓடிய வண்டியில் கோடு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதே கதவில் புதுப் பெயிண்ட் இருந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்ற கேள்வி வரும். கைக்காசைப் போட்டுச் சந்தேகத்தை வாங்கி வைத்த கதைதான்.

‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்பது அடுத்த தவறு. பழைய கார் வாங்கும் நிறுவனங்களின் ஆட்கள் பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியோடு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். மறுபடி அடித்த இடம் 200-ஐத் தாண்டும். பட்டி போட்டிருந்தால் 500, சில சமயம் 1,000-க்கும் மேலே காட்டும்.

கருவியே இல்லாத மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை விலக்கி நகத்தால் தடவுவார். மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருந்தால் அந்த விளிம்பு நகத்தில் தட்டும். பானெட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, ஸ்பேனர் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். சில்வர், பேர்ல் ஒயிட் நிறங்களில் இன்னும் வம்பு. பல வருடம் வெயில் தின்ற பெயிண்டோடு புதுப் பெயிண்ட் ஒத்துப்போகாது. அதை ஒப்பேற்ற நல்ல பெயிண்டர் பக்கத்துப் பேனல் வரை இழுத்து அடிப்பார். ஒரு கோட்டுக்காக இரண்டு பேனலில் ஒரிஜினல் போய்விடும்.

பம்பர் மட்டும் விதிவிலக்கு. அது பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்திருந்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிளிப் உடைந்து தொங்கினால் அதை மாட்டிவிடுங்கள். தொங்குகிற பம்பர் சின்ன உரசலைக்கூடப் பெரிய விபத்தாகக் காட்டும்.

அப்படியென்றால் எதையுமே தொடக்கூடாதா? அப்படி இல்லை. கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் கீறல் மேலே உள்ள ‘கிளியர் கோட்’ என்ற நிறமில்லாத பூச்சோடு நின்றிருக்கிறது. ரப்பிங் பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போய்விடும். அதைக்கூடப் பாலிஷ் கடையில் கொடுப்பது நல்லது. டூத்பேஸ்ட், வாட்டர் பேப்பர் என்று வீட்டிலேயே தேய்த்துக் கிளியர் கோட்டையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நகம் மாட்டி, உள்ளே தகரமும் தெரிந்தால் விடக்கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில் துரு சீக்கிரம் பிடித்து, பக்கத்துப் பெயிண்டையும் தூக்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்க டச்சப் பெயிண்ட் வாங்கும்போது ‘வெள்ளை’ என்று கேட்காதீர்கள். நிறத்துக்கான குறியீட்டு எண் பல வண்டிகளில் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள். துருவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கையோடு கிழித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தில் பெரிய அடி விழுவது இன்சூரன்ஸில். ‘எப்படியும் விற்கப்போகிறோம், கடைசியாக ஒரு கிளெய்ம் போட்டுப் பெயிண்ட் அடித்துவிடுவோம்’ என்பார்கள். கிளெய்ம் போடாமல் இருப்பதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை சேரும். பழைய காரை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் புதுக் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். புதுக் காருக்கு அந்தப் பிரீமியம் அதிகம் என்பதால் கழிவும் பெரிய தொகை. ஒரு கதவுக்காகக் கிளெய்ம் போட்டால், போனஸைக் காக்கும் தனிக் கவர் எடுத்திருந்தால் ஒழிய, அது பூஜ்யத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதைத் தாண்டினால் 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து கட்டாயம் போகும்.

யாருக்கு விற்கிறோம் என்பதையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்சிலோ டீலரிடமோ கொடுப்பதாக இருந்தால் பெயிண்டைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கென்று நிரந்தர பெயிண்டர் இருப்பார், உங்களைவிடக் குறைந்த செலவில் முடித்துக்கொள்வார்கள். நீங்கள் போட்ட காசை விலையில் ஏற்றித் தரமாட்டார்கள். நேரடிப் பார்ட்டி என்றால் கோடு விழுந்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், பெயிண்டரிடம் ஒரு எஸ்டிமேட் சீட்டு வாங்கி வையுங்கள். அதில் 4,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி ‘பெயிண்ட் வேலையே பதினஞ்சாயிரம் ஆகும், கொறச்சுக்குங்க’ என்று ஆரம்பித்தால் சீட்டை எடுத்து நீட்டலாம். பேரம் 4,000-ஐச் சுற்றியே நடக்கும்.