கேஸ் குழாயோ குவாரியோ ஊருக்கு வந்தால் ஆட்சேபனை மனு எழுதுவது எப்படி?

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், தடத் தகராறு என்று வருகிறவர்கள்தான் அதிகம். நடுவில் வேறு சிலரும் வருகிறார்கள். "எங்க காட்டு வழியா கேஸ் குழாய் போகுதாமுங்க", "குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்னு சொல்றாங்க, என்ன பேசறது?" என்று கேட்பார்கள். இவர்களுக்குக் கெஞ்சி எழுதும் மனு உதவாது. கேட்க வேண்டியதை, அதற்கு உரிய அதிகாரியிடம், கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும்.

முதல் வேலை, வரும் திட்டம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் மனு போகும் இடம் வேறு.

எரிவாயு எடுக்கத் துளை போடும் வேலை சேலத்துக்கு வராது. நம் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறையும் வெள்ளைக்கல்லும்தான். எரிவாயு படிவுப் பாறை உள்ள இடத்தில்தான் தங்கும். அதனால் அந்தக் கிணறுகள் காவிரி டெல்டாவில் இருக்கின்றன. 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஆனால் அது டெல்டாப் பகுதிக்கு மட்டும்தான், சேலம் அதில் இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லாத பிரிவுக்கு மாற்றிவிட்டது. உறவுக்காரர்கள் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். கூட்டம் போடுவார்கள், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஏமாந்து போவார்கள்.

நமக்கு வருவது குழாய். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு மத்திய அரசு நிறுவனமான கெயில் கொண்டுபோகும் எரிவாயுக் குழாய்க்கு எதிராக 2013-இல் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் எழுந்து நின்றார்கள். சேலமும் அதில் ஒன்று. விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று மாநில அரசே சொன்னது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சாதகமாகவே சொல்லிவிட்டது. காரணம், குழாய் பதிக்க நிலத்தில் பயன்பாட்டு உரிமை எடுப்பது 1962-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி நடக்கிறது. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்: ரோட்டில் உட்காரும் அன்றைக்கே அந்தச் சட்டத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நமக்கு உதவும் பிரிவுகளும் இருக்கின்றன.

உங்கள் சர்வே எண் மத்திய அரசிதழில் வெளியானதும் 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். கலெக்டருக்கோ முதலமைச்சருக்கோ அல்ல, அந்த அறிவிக்கையிலேயே குறிப்பிட்டிருக்கும் தகுதிவாய்ந்த அதிகாரிக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழ்த் தேதியிலிருந்து எண்ணுங்கள், அதுதான் பத்திரம். மனு கொடுத்தவரை அந்த அதிகாரி நேரில் விசாரிக்க வேண்டும், வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். எனவே "நேரில் விசாரிக்கக் கோருகிறேன்" என்ற வரியை நான் எந்த ஆட்சேபனையிலும் விடமாட்டேன்.

இன்னும் முக்கியமானது ஏழாவது பிரிவு. அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலம், வீட்டைச் சேர்ந்த நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்திலும் பதிக்கக் கூடாது. களத்து மேட்டில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய பிடி. ஆனால் வீடு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டுமே? வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, ரேஷன் கார்டு, தேதியோடு எடுத்த போட்டோ, எது இருக்கிறதோ அதையெல்லாம் நகல் எடுத்து இணையுங்கள்.

போன மழைக்காலத்தில் இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். "கேஸ் வேண்டாம்னு எழுது கண்ணு, அது போதும்" என்றார். "எழுதறேன் ஆயா, ஆனா உங்க கிணறு எங்க இருக்கு, குழாய் எங்க போகுது, அதைச் சொல்லுங்க" என்று கேட்டேன். நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்பட நகலை மேஜையில் விரித்ததும் அவர் விரல் வைத்துக் காட்டினார்: இது கிணறு, இது தென்னை வரிசை, இது மாட்டுக் கொட்டகை, மகனுக்கு வீடு கட்ட விட்டிருக்கும் இடம் இது. அளந்து வைத்திருந்த கோடு அந்தக் காலியிடத்தின் குறுக்கே போனது. குழாய் போனபின் அந்தப் பட்டையில் கட்டடம் கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் போய்விடும். அதற்குச் சட்டம் தருவது நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். பயிர், மரச் சேதத்துக்கு இழப்பீடு தனி. தொகையில் உடன்பாடு இல்லாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

ஆயாவின் மனுவை இப்படி எழுதினோம்: "மேற்படி சர்வே எண்ணில் எங்கள் குடும்பத்தின் குடியிருப்புக்கென ஒதுக்கிய இடத்தின் குறுக்கே குழாய் செல்வதால் ஆட்சேபிக்கிறேன். நிலத்தின் வடக்கு எல்லையை ஒட்டி வண்டிப்பாதை உள்ளது. அதன் ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்ல ஏன் இயலாது என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தர வேண்டுகிறேன்." கூடவே புலப்பட நகலில் வண்டிப்பாதையைச் சிவப்பு மையில் கோடு போட்டு இணைத்தோம். வேண்டாம் என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடுவார்கள். மாற்று வழியைக் காட்டி ஏன் முடியாது என்று கேட்டால் அப்படிச் சுலபமாக முடிக்க முடியாது.

வேண்டாம் என்று எழுதிவிட்டு நிபந்தனையும் கேட்டால் சம்மதித்த மாதிரி ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. "ஆட்சேபனையை விட்டுக்கொடுக்காமல், மாற்றாக" என்று எழுதி நிபந்தனையைக் கேளுங்கள். தூரம், ஆழம், வேலை நடக்கும் நேரம், லாரி போகும் வழி ஆகிய நான்கையும் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஊருக்கு நடுவிலேயே எரிவாயுக் கிணறு தோண்டிய நகரங்கள் உண்டு. ஃபோர்ட் வொர்த் நகரத்து விதிப்படி வீடு, பள்ளியிலிருந்து கிணறு 600 அடி தள்ளி இருக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் சம்மதமோ மாநகராட்சியின் விலக்கோ இருந்தால்தான் அதைக் குறைக்கலாம். பக்கத்தில் டெண்டன் என்ற ஊரில் 2014 நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறைக்கே தடை போட்டார்கள். அடுத்த மே மாதமே மாநில அரசு சட்டம் போட்டு அந்தத் தடையைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. ஆனால் அந்தச் சட்டமும் போக்குவரத்து, சத்தம், வெளிச்சம், நியாயமான இடைவெளி ஆகியவற்றை உள்ளூரின் கையில் விட்டுவைத்தது. மேலே இருக்கும் அரசு திட்டத்தை நிறுத்த விடாதபோதும் நம் கைக்கு மிஞ்சக்கூடியது இவைதான். இவற்றைக் கேட்காமல் விடாதீர்கள்.

சேலம் நகருக்குள் வீட்டுக் குழாய் எரிவாயுக்கு ரோடு வெட்டும்போது இவ்வளவு பாடு இல்லை. உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் தெருவின் குழாய் வரைபடம், வால்வு இருக்கும் இடம், அவசர எண், ரோட்டை மூடும் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கிராமத்தில் என்றால் கிராம சபை. இன்னொன்று, சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும், குழாய் கேஸ் மேலே எழும்பும். மேல் ஜன்னல் திறந்திருப்பது நல்லது.

குவாரி, சுரங்கம் என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் வரலாம். அப்படி வந்தால் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். அதை வாங்கிப் படிக்காமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். உங்கள் ஊர் ஓடை, ஏரி, பள்ளிக்கூடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அதுவே உங்கள் முதல் கேள்வி. ஏற்காட்டு அடிவாரத்தில் மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகள் இப்படித்தான் விட்டுப்போகும். கோடையில் வந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் கல் பள்ளம்தான்.

கூட்டத்துக்குக் கலெக்டரோ கூடுதல் மாவட்ட நிர்வாகத்துறை நடுவர் பதவிக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். வந்திருக்கும் எவரும் பேசலாம், நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வண்டி வைத்து ஆள் கூட்டி வந்து கைதட்ட வைப்பார்கள், அதைக் கண்டு ஆத்திரப்பட்டு மேடையை மறிக்காதீர்கள். மறித்தால் வீடியோவில் பதிவாவது கலாட்டா மட்டும்தான், உங்கள் ஓடை அதில் இருக்காது. ஐந்து பேர் ஐந்து கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பெயர், ஊர் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கேள்வியை எழுதியும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பேசி முடித்ததும் பெரும்பாலானவர்கள் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து இருங்கள். கடைசியில் கூட்ட நடவடிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதன் பிறகுதான் கையெழுத்து. உங்கள் கேள்வி அதில் வராவிட்டால் அப்போதே எழுந்து சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் குழுவின் மேஜைக்குப் போவது அந்தக் காகிதம்தான்.

அப்புறம் அனுமதி கிடைத்துவிட்டது என்றால், 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். வழக்கு வேண்டாம் என்றாலும் அனுமதி ஆணையின் நகலை வாங்கிவிடுங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். அதில் நிபந்தனைகள் வரிசை எண்ணோடு இருக்கும். அவற்றை நிறைவேற்றியதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும், அதன் நகலையும் கேளுங்கள். தண்ணீர் தெளிக்காமல் லாரி ஓடினால், எத்தனையாவது நிபந்தனை, எந்தத் தேதி, எந்த நேரம், வண்டி எண் என்ன என்று எழுதி, போட்டோவோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.