எமரால்டு அணையில் தேறிய ரீல் கடலில் ஏன் தோற்றது?

தூத்துக்குடிக் கரையில் நின்று தூண்டில் போடும் என் மச்சானுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ராடு (தூண்டில் கோல்), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), நரம்பு (தூண்டில் இழை) எல்லாம் இங்கே நீலகிரியில் சோதித்து அனுப்புவது பல வருஷப் பழக்கம். ஒருமுறை ஒரு ரீலை அனுமதிச் சீட்டோடு எமரால்டு அணையில் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமாக நம்பலாம்" என்று கொடுத்தேன். கடலில் நாலாம் நாள், நல்ல பாறை மீன் ஒன்று மாட்டியிருந்த நேரத்தில் கைப்பிடி இறுகிவிட்டது. நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்து பார்த்தால் பேரிங்கில் உப்பு பூத்திருந்தது. மூன்று வாரம் உழைத்தும் அந்த ரீலுக்கு வரப்போகும் பகையை நான் ஒருநாள்கூடக் காட்டவில்லை.

மலையில் சோதிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். நம் அணைகளில் இருப்பது மழைத் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதை வாளியில் கொண்டுவரலாம்: 10 லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் கல் உப்பு. ஆனால் தூண்டில் முள்ளையும் சுழலியையும் (நரம்பு முறுக்காமல் இருக்கப் போடும் இணைப்பு) அதில் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. நனைத்து, எடுத்துக் காயவைத்து, திரும்ப நனைக்க வேண்டும். காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கிறது. குளிரையும் கணக்கில் எடுங்கள். தொழிற்சாலைகளில் உப்புக் கரைசலைப் புகைபோலத் தெளித்துச் சோதிக்கும் முறைக்கு 1939-லேயே தரவிதி வந்தது. இப்போது அதை 5 சதவீதக் கரைசலில், 35 டிகிரி வெப்பத்தில்தான் செய்கிறார்கள். ஊட்டி ஜனவரிக் குளிரில் வெளித் திண்ணையில் வைத்த முள் துருப்பிடிக்கவில்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நான் இப்போது வாளியை அடுப்படியில் வைக்கிறேன். அலுமினிய உடம்பில் எவர்சில்வர் திருகு இருக்கும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும்.

அடுத்தது நரம்பு. கடையில் வாங்கிய தங்கூசை (நைலான் நரம்பை) உலர்ந்தபடியே இழுத்துப் பார்த்துவிட்டு "பத்து கிலோ தாங்குது" என்பார்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் பலம் குறையும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீங்கள் போடப்போகும் அதே முடிச்சைப் போட்டு, மரக்கிளையில் கட்டி வாளியைத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று ஊற்றிக்கொண்டே போனால் அறுகிற எடை தெரிந்துவிடும் (வாளியின் எடையையும் சேர்க்க வேண்டும்). பெரும்பாலும் முடிச்சில்தான் அறுகிறது. முடிச்சை இறுக்கும்முன் எச்சில் தொட்டு நனைக்காவிட்டால் உரசும் சூட்டிலேயே நைலான் நைந்துபோகும். பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) தண்ணீர் குடிக்காது, ஆனால் வழுக்கும். நைலானுக்குப் போடும் முடிச்சு அதில் நழுவலாம். ஒரே ஒரு தடவை அறுத்துப் பார்த்து முடிவு எழுதாதீர்கள், ஐந்து தடவையாவது செய்யுங்கள்.

டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை வழுகவிடும் ரீல் பிரேக்கை) விரலால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவதும் தவறு. ராடின் வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து, நுனியில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுக்க வேண்டும். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வழுகத் தொடங்கினால் சரி. 8 கிலோ நரம்புக்கு 2 முதல் 2.6 கிலோ வரை. குளிரில் கிரீஸ் கெட்டியாக இருக்கும், கடற்கரை வெயிலில் இளகிவிடும். அதனால் இங்கே வைத்த அளவை அங்கே போய் மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.

ராடையும் ஏரிக்கேற்றபடி பத்து கிராம் இரை வீசி முடித்துவிடுகிறோம். கரையில் அவர்கள் எறிவது 80, 100 கிராம் ஈயம். ராடில் போட்டிருக்கும் உச்ச எடையை முழுதாக வீசிப் பாருங்கள். பின்னால் ஆள் இல்லை என்று உறுதி செய்த பிறகு.

அப்புறம், மீன் எண்ணிக்கையை மதிப்பெண்ணாக எடுப்பது. அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சுப் பண்ணை வந்ததிலிருந்து இங்கே தூண்டில் பேச்சு என்றாலே டிரவுட்தான். ஐந்து டிரவுட் கிடைத்தது அந்த நாளின் யோகம். முள்ளின் தரத்தை அது சொல்லாது. டிரவுட்டும் கெண்டையும் நரம்பை அறுப்பதில்லை. சீலாவின் பல்லுக்கு முன் நைலான் நிற்காது, கம்பி வேண்டும். ராடு, ரீல், நரம்பு மூன்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றினாலும் எது சொதப்பியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, மற்ற இரண்டையும் பழகியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொரு ரீலோடும் ஒரு சீட்டு வைக்கிறேன். போன வாரம் எழுதியது இது: "உப்பு வாளியில் நனைத்துக் காயவைத்து 21 நாள், துரு இல்லை. டிராக் 2.2 கிலோ, குளிரில் வைத்தது, அங்கே திரும்பப் பார்க்கவும். மணலிலும் அலையிலும் சோதிக்கவில்லை. முதல் வாரம் பழைய ரீலையும் கையோடு கொண்டுபோங்க மச்சான்."