யானை 'ஷவுட்' பண்ணாது, ட்ரம்பெட் பண்ணும்: இந்த வெர்பை எப்படி யூஸ் பண்றது?

நம்ம கிருஷ்ணகிரி பக்கம் ராகி கதிர் முத்தற நேரம் வந்துச்சுன்னா பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி வழியா இறங்கி தேன்கனிக்கோட்டை, சானமாவுன்னு பரவிடும், உடனே எல்லார் ஸ்டேட்டஸ்லயும் யானை வீடியோதான். வீடியோ சூப்பரா இருக்கும், கீழ போடற இங்கிலீஷ் கேப்ஷன்தான் "எலிஃபண்ட் ஷவுட்டிங்", "எலிஃபண்ட் க்ரையிங்"னு கெடக்கும். க்ரையிங்னு போட்டா படிக்கறவன் யானை அழுவுதுன்னுதான் நினைப்பான். யானை பிளிறுதுன்னு சொல்ல இங்கிலீஷ்ல இருக்கற வெர்ப் ட்ரம்பெட். பேண்ட் செட்ல ஊதறாங்களே அதே வார்த்தை, ஸ்பெல்லிங்கும் அதேதான்.

ஆனா யானை போடற எல்லா சத்தத்துக்கும் இதைப் போட்றாதீங்க. தும்பிக்கை வழியா காத்தை வேகமா ஊதி காது கிழியற மாதிரி விடுதே, பயந்தாலோ கோவம் வந்தாலோ ஓவர் குஷி ஆனாலோ, அதுக்குத்தான் ட்ரம்பெட். ராத்திரி பரண்ல காவல் படுக்கறவங்களுக்குத் தெரியும், அது பிளிறாம சும்மா நிக்கும்போதே அடித்தொண்டையில இருந்து ஒரு உறுமல் வரும், அதுக்கு வெர்ப் ரம்பிள். இந்த ரம்பிள்ல பாதி நம்ம காதுக்கே எட்டாது, ஏன்னா மனுசனுக்கு சுமாரா 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ கேக்காது, யானை அதுக்கும் கீழ பேசிக்கும். கேட்டி பெய்ன் (Katy Payne)ங்கற ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அம்மா 1984ல போர்ட்லாண்ட் ஜூவுல யானைங்க பக்கத்துல நின்னப்ப சத்தமே கேக்காம காத்து மட்டும் அதிர்ற மாதிரி இருக்கேன்னு யோசிச்சுத்தான் இதையே கண்டுபுடிச்சாங்க. நம்ம ஊரு யானைங்க கீச்சு கீச்சுன்னும் கத்தும், அது ஸ்க்வீக்.

இப்ப கிராமர். ஒரு யானைன்னா "தி எலிஃபண்ட் ட்ரம்பெட்ஸ்", நேத்து நடந்ததுன்னா "ட்ரம்பெடட்", இப்ப நடக்குதுன்னா "இஸ் ட்ரம்பெட்டிங்". எழுதும்போது கடைசி டி-யை ரெட்டிக்கக் கூடாது, இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. பர்மிட்டுக்கு ரெட்டிக்குது ஏன்னா அங்க அழுத்தம் பின்னாடி, ட்ரம்பெட்ல அழுத்தம் முன்னாடியே விழுந்துடுது, சொல்லும்போதும் "ட்ரம்பிட்"னு பின்பாதியை லேசா விட்டா போதும். தூரத்துல பிளிற சத்தம் கேட்டுச்சுன்னா "வீ ஹேர்ட் அன் எலிஃபண்ட் ட்ரம்பெட்டிங் நியர் தி ராகி ஃபீல்ட்". நம்மளப் பாத்து பிளிறுச்சுன்னா "இட் ட்ரம்பெடட் அட் அஸ்", இந்த 'அட்' இல்லாம "ட்ரம்பெடட் அஸ்"னு எழுதினா நம்மளப் பத்தி ஊருக்கெல்லாம் டமாரம் அடிச்சுதுன்னு ஆயிடும்.

அது ஏன்னா இந்த வெர்பை மனுசங்களுக்கும் போடுவாங்க, அப்ப பின்னாடி ஆப்ஜெக்ட் வரும். "தி மினிஸ்டர் ட்ரம்பெடட் தி நியூ ஸ்கீம்"னா புது திட்டத்தைப் பத்தி தம்பட்டம் அடிச்சாருன்னு அர்த்தம். வெறும் 'அனவுன்ஸ்'க்கு பதிலா ஸ்டைலா இருக்கேன்னு இதைப் போட்டுடாதீங்க, இதுல ஒரு நக்கல் ஒட்டிட்டு இருக்கு, இவ்ளோ பில்டப் தேவையான்னு எழுதறவரு கேக்கற மாதிரி. ஹோசூர் கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பற தம்பிங்க "ஐ ட்ரம்பெட் மை ஸ்கில்ஸ்"னு எழுதினா ஹெச்ஆர் சிரிப்பாங்க. "மச் ட்ரம்பெடட்"னு பேப்பர்ல பாத்தா ஓவரா வெளம்பரம் பண்ணுனதுன்னு எடுத்துக்கோங்க, பெரும்பாலும் அதுக்கடுத்த வரியிலயே அது ஊத்திக்கிச்சுன்னு வரும்.

தன்னைத்தானே புகழ்ந்துக்கறதுக்கு "ப்ளோ யுவர் ஓன் ட்ரம்பெட்"னு பிரிட்டிஷ்காரங்க சொல்லுவாங்க, அங்க ட்ரம்பெட் நவுன், ப்ளோதான் வெர்ப். அமெரிக்காவுல இதையே "டூட் யுவர் ஓன் ஹார்ன்"னுவாங்க. சீட்டாட்டத்துல வர்ற ட்ரம்ப் கார்டு, அதாவது துருப்புச் சீட்டு, ட்ரையம்ஃப்ங்கற வார்த்தையில இருந்து வந்தது, அதுக்கும் யானைக்கும் சம்பந்தம் கிடையாது.