அரைக்கிறவரா, விற்கிறவரா? மாமாவின் ஆலைக்குக் குறியீடு பிடித்த கதை

மன்னார்குடிப் பக்கம் மாமாவுக்கு அரிசி ஆலை இருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்ததும் நெல்லை மொத்தமாக வாங்கி வெளியூருக்கு ஏற்றியும் விடுவார். வாசலில் அத்தை பார்த்துக்கொள்ளும் மளிகைக் கடை தனி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு உட்கார்ந்தபோது ஆதார், பான் எல்லாம் சுலபமாகப் போயிற்று. என்ன தொழில் என்பதைச் சொல்லும் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணை, அதாவது என்ஐசி குறியீட்டைக் கேட்ட இடத்தில்தான் வண்டி நின்றது. "மாப்ள, நான் அரைக்கிறவனா, விக்கிறவனா?" என்றார் மாமா. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

படி 1: பட்டியலை எடுங்கள்

நாங்கள் பதிந்தபோது கேட்டது என்ஐசி 2008. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் பிடிஎஃப்பை இறக்கி, அதற்குள் தேடுங்கள். இணையத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்திருக்கும் அட்டவணைகளை நான் தொடவே மாட்டேன். பழைய 2004 பட்டியலில் உணவுத் தயாரிப்பு 15-இல் இருந்தது. 2008-இல் அது 10-க்குப் போய்விட்டது, 15 தோல் பொருள்களுக்கு. பழையதைப் பார்த்துப் போட்டால் அரிசி ஆலை தோல் தொழிற்சாலை ஆகிவிடும்.

படி 2: எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

அரிசி ஆலைக்கு 10612. எண்களுக்கு மேலே ஒவ்வொரு பெருந்துறைக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு; 'சி' என்பது உற்பத்தித் துறையின் எழுத்து. அதற்குள் 10 உணவுத் தயாரிப்பு, 1061 தானியம் அரைத்தல், கடைசி 2 அரிசிக்கு. முதல் நான்கு இலக்கங்கள் ஐ.நா.வின் சர்வதேசத் தொழில் வகைப்பாடான ஐசிக்கின் நான்காம் திருத்தத்தைத் தழுவியவை. ஐந்தாவது நாம் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் தாய்லாந்து ஆலையையும் மன்னார்குடி ஆலையையும் ஒரே 1061-இல் வைத்து ஒப்பிட முடிகிறது.

படி 3: செய்கிற வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

பலகையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பொருள் யாருடையது, அதை என்ன செய்கிறோம் என்று பாருங்கள். சொந்தப் பணத்தில் நெல் வாங்கி மொத்தமாக விற்றால் 4620. தரகு மட்டும் வாங்கினால் 4610. கூலிக்கு அரைத்தாலும் சொந்த நெல்லை அரைத்தாலும் அதே 1061. அத்தையின் கடை 4711. அந்தக் கடையில் விற்கும் நம் ஆலை அரிசி மட்டும் ஆலைக் கணக்கில்தான் சேரும்.

படி 4: முதன்மைத் தொழில் எது?

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். உத்யமில் பல குறியீடுகளைச் சேர்க்கலாம் என்பதால் அங்கே தலைபோகிற விஷயமில்லை. புள்ளிவிவரக் கணக்கிலோ ஓர் அலகுக்கு ஒரே முதன்மைக் குறியீடு.

முதல் தவறு, விற்றுமுதலை வைத்துப் பார்த்தது. லாரி லாரியாக நெல் போகும், கையில் நிற்பது கொஞ்சம்தான். பார்க்க வேண்டியது கூட்டுமதிப்பு. அதாவது விற்ற மதிப்பில் வாங்கிப் போட்ட நெல், மின்சாரம் போன்றவற்றைக் கழித்த மிச்சம்.

இரண்டாவது தவறு, அதில் பெரிய எண்ணை நேராக எடுத்தது. ஒரு பேச்சுக்கு, கூட்டுமதிப்பில் அரைப்பு 40, நெல் வியாபாரம் 35, மளிகை 25 என்று வையுங்கள். 40 தானே பெரிது, ஆலை என்று எழுதிவிட்டேன். ஐசிக் முறை மேலிருந்து கீழே இறங்கும். முதலில் எழுத்துகளைக் கூட்ட வேண்டும். 'சி' 40. வணிகத்துக்கான 'ஜி'யில் 35-உம் 25-உம் சேர்ந்து 60. ஆக 'ஜி' ஜெயித்தது. ஆலை அப்போதே ஆட்டத்தில் இல்லை. இனி 'ஜி'க்குள் மட்டும் பாருங்கள்: மொத்த வணிகமான 46-க்கு 35, சில்லறையான 47-க்கு 25. முடிவு 4620. மாமா விற்கிறவர்! புகைபோக்கி வைத்த ஆலையை வியாபாரம் என்பதா என்று அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிற்சேர்க்கை: நெல்லை அவித்துப் புழுங்கலாக்குவது எதில் என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதுவும் 1061 தான். அறுத்த நெல்லை விற்பனைக்குத் தோதாகச் சுத்தம் செய்து தரம் பிரித்து மட்டும் கொடுத்தால் 0163. விதைநெல் பதப்படுத்தினால் 0164.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர் உப்பளத்தைப் பற்றிக் கேட்டார். கடல்நீரைப் பாத்தியில் காயவைத்து உப்பு எடுப்பது சுரங்கத் துறையில் 0893. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அயோடின் சேர்த்துச் சமையல் உப்பாக்கினால் உணவுத் தயாரிப்பு, 1079. ஐசிக் விளக்கக் குறிப்பில் 'இதில் சேராதவை' என்ற பகுதியைத் தவறாமல் படியுங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

இன்னொன்று: மாமா இப்போது அறுப்பு மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார், செயின் வண்டி. வாடகைதானே என்று நான் 7730 போட்டேன். ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு விட்டால்தான் அது. ஓட்டுநரோடு அனுப்பி அறுத்துக் கொடுத்தால் 0161, விவசாயத் துணைப் பணி. மாமா வண்டிச் சாவியை அவர் ஆளைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டார். அதனால் 0161.