ஆர்பிஜி செஷனுக்கு ஒரு மணி நேரத்தில் தயாராவது எப்படி?

ஆர்பிஜி என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன். அதை நடத்தும் கேம் மாஸ்டராக முதன்முறை உட்காருகிறவர்கள் ஒரு நாவலுக்குத் தேவையான அளவு எழுதிக்கொண்டு வருவார்கள். ராஜ்ஜியத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு, கோட்டையின் ஒவ்வொரு அறைக்கும் வர்ணனை, வில்லன் பேசப்போகும் நீண்ட வசனம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ப்ளேயர்கள் கோட்டையை மறந்துவிட்டு, வழியில் பார்த்த ஆட்டிடையன் பின்னால் போய்விடுவார்கள். எழுதியதெல்லாம் பையிலேயே கிடக்கும்.

நேரத்தைத் தின்பது கதை எழுதும் பழக்கம்தான். 'இங்கே போவார்கள், இதைக் கேட்பார்கள், பிறகு சண்டை வரும்' என்று எழுதும்போது, மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் எடுக்கவேண்டிய முடிவை நாமே எடுத்துவிடுகிறோம். கதையை விடுங்கள், நிலைமையை மட்டும் தயார் செய்யுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன ஆகும், அவ்வளவுதான். கீழே உள்ள எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்புக்கானவை. மற்ற ஆட்டங்களுக்கு எண்கள் மாறும், முறை அதேதான்.

படி 1: போன செஷனின் கடைசி ஐந்து நிமிடம்

தயாரிப்பு இங்கேதான் தொடங்குகிறது. பகடைகளை எடுத்துவைப்பதற்கு முன்னால், "அடுத்த முறை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதிலை ஏற்காதீர்கள். உதாரணமாக, "காவல்கோபுரத்துக்குப் போய்க் கொல்லனை மீட்கிறோம்" என்பது பதில். "பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. கோபுரம் என்று முடிவானால், துறைமுகத்தையும் காட்டையும் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் நேரத்தை வேறு எந்த உத்தியும் மிச்சப்படுத்தாது. கீழே உள்ளவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

படி 2: முதல் காட்சி

இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதலாம், ஏனென்றால் இது மட்டும்தான் நிச்சயம் நடக்கும். கோபுரத்தை நோக்கிப் போகும்போது, கொல்லனின் உதவியாளன் அடிபட்டு எதிரே ஓடிவருகிறான், பின்னால் துரத்துகிறார்கள். நாலு வரி போதும். விடுதியில் உட்கார்ந்து பேசுவதில் தொடங்கினால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

படி 3: எதிராளியின் கடிகாரம்

கொல்லனைப் பிடித்துவைத்திருக்கும் கொள்ளையர் தலைவிக்கு என்ன வேண்டும்? கோபுரத்துக்கு அடியில் உள்ள இரும்புக் கதவைத் திறக்க வேண்டும், அதற்குத்தான் கொல்லன். ஒரு தாளில் வட்டம் போட்டு ஆறு பங்காகப் பிரியுங்கள். ப்ளேயர்கள் நேரம் கடத்தும்போதோ, சத்தம் போட்டு மாட்டிக்கொள்ளும்போதோ ஒரு பங்கைக் கறுப்பாக்குங்கள். மூன்றாவது பங்கில் முதல் பூட்டு உடைகிறது, ஆறாவதில் கதவு திறக்கிறது. நாற்பது பக்கக் கதைத்திட்டம் செய்யும் வேலையை இந்த வட்டம் செய்துவிடும். ப்ளேயர்கள் எந்தப் பக்கம் போனாலும் இது செல்லுபடியாகும் என்பதுதான் கூடுதல் லாபம். வட்டத்தை அவர்கள் கண்ணில் படும்படி வைப்பது என் விருப்பம். பதற்றம் தானாக வரும்.

படி 4: துப்புகள்

ப்ளேயர்களுக்குத் தெரியவேண்டிய விஷயங்களை ஆளுக்கும் இடத்துக்கும் கட்டாமல், ஒற்றை வரிகளாக ஏழெட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

- கதவுக்குப் பின்னால் ஏதோ நடமாடுகிறது.
- தலைவி இந்தக் கோபுரத்தின் பழைய காவலாளியின் மகள்.
- கிணற்று வழியாக உள்ளே போகலாம்.

'கிணற்று வழியைச் சமையல்காரன் சொல்வான்' என்று எழுதிவைத்தால், சமையல்காரனிடம் யாரும் பேசாமல் போனால் துப்பு வீண். வெறுமனே 'கிணற்று வழி' என்று இருந்தால், பிடிபட்ட கொள்ளையனும் சொல்லலாம், சுவரில் கீறிய வரைபடமும் சொல்லலாம். கண்டிப்பாகத் தெரிந்தே ஆகவேண்டிய துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். எல்லாரும் குறைவாக உருட்டினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

படி 5: மான்ஸ்டர்களை உருவாக்காதீர்கள்

இருப்பதற்கு வேறு வேஷம் போடுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, இணையத்தில் இலவசம். அதிலுள்ள பேண்டிட் (ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழ எதிராளி எட்டவேண்டிய எண், 12; ஹிட் பாயிண்ட், அதாவது சாய்வதற்குமுன் தாங்கும் அடியின் அளவு, 11) நமது கொள்ளையர்கள். பேண்டிட் கேப்டன் (15, 65) தலைவி. கதவுக்குப் பின்னால் இருப்பது துருப்பிடித்த இரும்புக் காவலன். அதற்கு ஓகர் என்ற பெரிய அரக்கனின் எண்களை (11, 59) அப்படியே எடுத்து, கதாயுதத்தை இரும்புக் கை என்று வர்ணியுங்கள். ப்ளேயர்கள் ஹிட் பாயிண்டைப் பார்ப்பதில்லை, உங்கள் வர்ணனையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: முதல் லெவலில், அதாவது ஆரம்ப நிலையில் இருக்கும் குழுவில் ஒருவரை ஓகரின் ஒரே அடி சாய்த்துவிடலாம். அவர்களுக்குத் தப்பி ஓட ஒரு வழி வையுங்கள்.

படி 6: மேஜையில் கைகொடுக்கும் ஒரு தாள்

பத்துப் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். யாராவது "உன் பேர் என்ன?" என்று கேட்டால் மேலிருந்து ஒன்றை எடுத்து, பக்கத்தில் 'கிணற்றடிக் காவலாளி, இருமுவான்' என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே தாளில் கடின எண்கள், அதாவது ஒரு முயற்சி பலிக்க உருட்டலில் எட்டவேண்டிய எண்கள்: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20. எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தால் அவர் நட்பா பகையா என்று யோசித்துத் தடுமாற வேண்டாம். 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள்: 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 12 வரை இணக்கம். 36-இல் 16 வாய்ப்பு நடுவில் விழுவதால், சந்திக்கிறவர்களில் பலர் பேசிப் பார்க்கக்கூடியவர்களாகவே இருப்பார்கள்.

வரைபடம் வேண்டுமா? நாலைந்து வட்டங்களைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தின் பெயரை எழுதினால் முடிந்தது.

இனி அலாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதல் காட்சிக்குப் பத்து நிமிடம், கடிகாரத்துக்குப் பத்து, துப்புகளுக்கு இருபது, மீதி மான்ஸ்டர்களுக்கும் அந்தத் தாளுக்கும். அலாரம் அடித்ததும் பேனாவை மூடுங்கள். செஷனில் பயன்படாத துப்புகளை அடித்துவிடாமல் அடுத்த வாரத் தாளுக்கு மாற்றினால், அங்கே எழுதவேண்டியதில் பாதி ஏற்கெனவே இருக்கும்.