வெட்ட முடிகிறது என்பதற்காக வெட்டாதீர்கள்

குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு என் சனி, ஞாயிறு செஸ் வகுப்பில் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு மூன்று அப்பாக்களும் பலகை முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். பின்னால் நின்று பார்த்தால், சின்ன வயதில் நாங்கள் அடித்த அதே கூத்துகள் அச்சு மாறாமல் நடக்கின்றன.

ராணியைச் சும்மா தூக்கிக் கொடுப்பது, நாலே நகர்த்தலில் மேட் வாங்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நாலு முறை அடி வாங்கினால் அவை தானாகப் போய்விடும். தானாகப் போகாத சில பழக்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஓப்பனிங் மனப்பாடம்

சிசிலியன் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறையில், பதினைந்து நகர்த்தல் கடகடவென்று ஒப்பிக்கிற பையன், எதிராளி மூன்றாவதிலேயே வேறு எதையாவது ஆடிவிட்டால் திருதிருவென்று விழிக்கிறான். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சமத்துக்குச் சமம்தானே என்று வெட்டிக்கொள்வது

எரிச்சல் என்றேனே, அது இதுதான். குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை, கணக்கு நேராகிவிட்டது, நஷ்டமில்லை என்ற நினைப்பு. அதுவும் எடுக்கும்போது டொக்கென்று சத்தம் கேட்க எடுத்து, கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டுவார்கள் பாருங்கள்!

ஒரு சின்ன உதாரணம். (வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்.) வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை டி4 சிப்பாயைத் தள்ளுகிறது, கறுப்பு அதை வெட்டுகிறது, வெள்ளை குதிரையால் திருப்பி எடுக்கிறது. இதுவரை சரி. இப்போது நம்ம பிள்ளை சி6 குதிரையால் டி4 குதிரையை வெட்டுவான். வெள்ளை ராணி வந்து எடுக்கும். கணக்குப்படி சமம்தான். பலகையைப் பாருங்கள். வெள்ளை ராணி நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக அதை விரட்ட வேண்டியது சி6 குதிரைதான். அதைத்தான் இவன் கையால் கொடுத்துவிட்டானே! கறுப்பு நாலு நகர்த்தல் ஆடியிருக்கிறது. வெளியே வந்து நிற்கிற காய் ஒன்றுகூட இல்லை.

சிப்பாய்களிலும் இதே கதை. பிரெஞ்சு என்ற ஓப்பனிங்கில் வெள்ளையின் இ4, டி4 சிப்பாய்களுக்கு எதிரே கறுப்பின் இ6, டி5 சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும். கறுப்புக்குத் தலைவலி சி8-இல் இருக்கும் பிஷப். இ6 சிப்பாய் அதன் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையில் புதிதாக ஆடுபவர் முதல் வேலையாக டி5-இல் வெட்டுவார், கறுப்பு இ6 சிப்பாயால் திருப்பி எடுக்கும், பிஷப்புக்கு வழி திறந்துவிடும். பெரிய ஆட்டக்காரர்களும் சில சமயம் இப்படி வெட்டுவதுண்டு. அவர்கள் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறார்கள்.

ஏன் இப்படி அவசரமாக வெட்டுகிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. வகுப்புக்கு வரும் ஒரு அப்பா, வங்கியில் வேலை பார்ப்பவர், அவர்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். “காய் குறைஞ்சா யோசிக்க வேண்டியதும் குறையும்ல சார்?” என்றார். இரண்டு காய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பது மனதுக்கு ஒரு குறுகுறுப்பு. ஒவ்வொரு நகர்த்தலிலும் அவன் வெட்டினால் என்ன ஆகும், நான் வெட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டித் தீர்த்துவிட்டால் நிம்மதி. வீட்டை விற்கப் போனவர் பேரம் பேசுகிற சங்கடம் தாங்காமல் வாங்க வந்தவர் முதலில் கேட்ட விலைக்கே சரி என்று தலையாட்டுவதும் இதே நிம்மதிக்காகத்தான்.

ஆனால் அவர் கணக்கு தலைகீழ். காய்கள் குறையக் குறைய ஒவ்வொரு நகர்த்தலின் விலையும் ஏறும். முப்பது காய் இருக்கும்போது ஒரு நகர்த்தலை வீணாக்கினால் சமாளித்துக்கொள்ளலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய பிறகு ஒரே ஒரு நகர்த்தல் தவறினால் ஆட்டமே போகும்.

என் மாணவன் ஒருவன், ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. ஆளுக்கு ஒரு யானை, இவனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எதிராளி யானையைக் கொண்டுவந்து எதிரே வைத்தான். இவன் இரண்டு நொடி யோசித்திருந்தால் அதிகம். வெட்டிவிட்டான். ஆட்டம் நகர்ந்து நகர்ந்து கடைசியில் இப்படி வந்து நின்றது: வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. ஆட வேண்டியது வெள்ளை. டிரா. “ஒரு சிப்பாய் கூட இருந்துச்சே சார்” என்று வந்து நின்றான்.

அதே நிலையைப் பலகையில் வைத்து, இப்போது கறுப்பு ஆடட்டும் என்றேன். கறுப்பு ராஜா டி7-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6-இல் நுழைகிறது. எஃப்7-க்குப் போனால் டி6-இல் நுழைகிறது. பின்வாங்கினாலும் வெள்ளை ராஜா ஆறாவது வரிசைக்கு ஏறிவிடுகிறது. அப்புறம் சிப்பாயைத் தடுக்க ஆளில்லை. காய்கள் அதே கட்டங்களில்தான் நிற்கின்றன. யார் ஆட வேண்டும் என்பது மட்டும் மாறினால் அரைப் புள்ளி முழுப் புள்ளியாகிறது. யானையை வெட்டும் முன் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். அவன் எண்ணியது சிப்பாய்களை மட்டும்.

“முன்னிலையில் இருந்தால் காய்களை வெட்டிக்கொள், பின்தங்கினால் சிப்பாய்களை வெட்டிக்கொள்” என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வோம். பாதிப் பிரச்சினைக்கு நாங்களே காரணமோ என்று சந்தேகம். ஒருவரிடம் வெள்ளைக் கட்ட பிஷப், இன்னொருவரிடம் கறுப்புக் கட்ட பிஷப் மட்டும் மிஞ்சினால், இரண்டு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டும் ஜெயிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். அந்த வாசகத்தை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாது.

பெரியவர்களுக்கும் நடக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் அப்போது உலக சாம்பியனாக இருந்த டிங் லிரனும் 6.5–6.5 என்று சமநிலையில் உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில் இருந்தார்கள். இருவரிடமும் யானையும் பிஷப்பும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிங் தாக்குப்பிடித்தால் டிரா. வெள்ளையில் ஆடிய டிங் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்தார், வெட்டிக்கொள்ளலாம் வா என்று. குகேஷ் வெட்டினார், டிங் ராஜாவால் எடுத்தார், உடனே குகேஷின் பிஷப் டி5-க்கு வந்தது. ஏ8 மூலையில் கிடந்த டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதையும் மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும், அது குகேஷுக்கு வெற்றி. 58-வது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

வகுப்பில் இந்த ஆட்டத்தைக் காட்டினால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். பத்து நிமிடம் கழித்துத் தங்கள் பலகைக்குப் போய் டொக்கென்று யானையை வெட்டுகிறார்கள்.

இப்போது நான் செய்வது: வெட்டக் கை நீட்டினால், “திருப்பி எடுக்கிற காய் எங்கே வந்து நிற்கும்? அப்புறம் யார் ஆடணும்?” என்று கேட்கிறேன். பதில் வந்தால் வெட்டலாம். பதில் வராவிட்டால் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் முனகுகிறார்கள். முனகட்டும்.

ரேட்டிங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பது

2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ரேட்டிங் என்னும் ஆட்டத்திறன் புள்ளியின் கீழ்வரம்பை 1000-இலிருந்து 1400-க்கு உயர்த்தியது. 2000-க்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்குப்படி புள்ளி ஏறியது. 1100 இருந்தவனுக்கு ஒரே நாளில் 1460. சில வீடுகளில் இனிப்பு வாங்கினார்கள். ஆட்டம் அப்படியேதான் இருந்தது.

தோற்றதும் எஞ்சினைத் திறப்பது

எஞ்சின் என்பது செஸ் ஆடும் கணினி நிரல். அது சரியான நகர்த்தலைச் சொல்லும். நீங்கள் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதலில் ஆட்டத் தாளில், எங்கே சந்தேகம் வந்தது, எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று பென்சிலால் குறித்துவையுங்கள். அப்புறம் எஞ்சினைத் திறங்கள். வரிசையை மாற்றினால், யார் முன்னிலை என்று எஞ்சின் காட்டும் கோடு ஏறி இறங்குவதை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

டிரா கேட்பது

உங்கள் நகர்த்தலை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன், ஒரு முறை கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நச்சரித்தால் நடுவர் வருவார்.

தொட்ட காய்

ஆடித்தான் ஆகவேண்டும். கட்டத்தில் நேராக வைக்கத்தான் தொடுகிறீர்கள் என்றால், தொடும் முன் சொல்லுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.