புதிய தலைமுறை கிராபிக்ஸ் கார்டை இப்போதே வாங்கலாமா? முடிவெடுக்கும் முறை

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்களில் பலர், இன்னும் நான்கைந்து ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டிய தேவை வரக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் புதிதாக வந்த தலைமுறையின் மேல் கண் வைக்கிறார்கள். அந்த எண்ணம் நியாயமானது. ஆனால் ஒரு கார்டு மூன்று விதமாகப் பழசாகிறது: அதன் வேகம் போதாமல் போகலாம், கார்டிலேயே உள்ள நினைவகம் போதாமல் போகலாம், அல்லது ஒரு விளையாட்டு கட்டாயமாகக் கேட்கும் வசதி அந்தக் கார்டில் இல்லாமலே இருக்கலாம். முதலாவது குறையை நிழல்களின் தரத்தைக் குறைத்தோ, ரெசல்யூஷனை (திரையில் வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையை) ஒரு படி இறக்கியோ நெடுநாள் சமாளிக்கலாம். மற்ற இரண்டும் வந்துவிட்டால் செட்டிங்கில் கிடைக்கும் நிவாரணம் குறைவு. வசதியே இல்லையென்றால் நிவாரணமே கிடையாது. ஆகவே எதிர்காலத்தை எண்ணிக் கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் அதை நினைவகத்துக்கும் வசதிகளுக்கும் கொடுங்கள். இன்று பயன்படாத வேகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில், இப்போது இருக்கும் கார்டு உண்மையிலேயே தடையாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டில் வழக்கமாகத் திணறும் ஓர் இடத்துக்குப் போய், ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) வருகிறது என்று குறித்துக்கொண்டு, வேறு எதையும் மாற்றாமல் ரெசல்யூஷனை மட்டும் நன்றாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை தெளிவாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறக்குறைய அப்படியே நின்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. அந்த நிலையில் எந்தத் தலைமுறைக் கார்டைப் போட்டாலும் அந்த விளையாட்டு பெரிதாக மாறாது. நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் அந்த மானிட்டரை மாற்றும் திட்டம் இல்லாதவரை, 60 ஃபிரேமுக்கு மேல் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நினைவகம்தான் இந்த முடிவில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டு கன்சோல்களிலும், பிராசஸரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி நினைவகம் இருந்தது. அவற்றை அடிப்படையாகக் கொண்டு உருவான விளையாட்டுகள் கணினிக்கு வரத் தொடங்கியபோது, 2020 அக்டோபரில் வெளியான என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3070 போன்ற வலுவான கார்டுகள்கூட அவற்றின் 8 ஜிபியால் தடுமாறின. 2023இன் தொடக்கத்தில் வந்த சில பெரிய விளையாட்டுகள், வெளியான புதிதில், உயர்ந்த டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்கள்) தரத்தில் 8 ஜிபி கார்டுகளில் விட்டுவிட்டு ஓடின. சுவர்களும் முகங்களும் மங்கலாகவே நின்றன. கார்டின் கணக்கிடும் திறன் தீரவில்லை, இடம்தான் தீர்ந்தது. நினைவகம் நிரம்பியதும் மிச்சத் தரவு கணினியின் பொது ரேமுக்குப் போகிறது. அங்கிருந்து, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ வழியாகத் திரும்பி வரும் வேகம், கார்டிலேயே உள்ள நினைவகத்தின் வேகத்தில் ஒரு சிறு பங்குதான். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் ஆட்டம் இடறுவதற்குக் காரணம் இதுவே. இதை நீங்களே சோதிக்கலாம்: விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தைத் திறந்து வைத்து ஆடுங்கள். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி, பகிரப்பட்ட நினைவகத்தின் அளவு ஏறிக்கொண்டே போனால் உங்கள் குறை நினைவகத்தில்தான்.

இங்கே தலைமுறை எண்ணை நம்பி ஏமாறும் வாய்ப்பு அதிகம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி இருந்தது. அதற்கு அடுத்த தலைமுறையாக 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் 8 ஜிபிதான். புதியது வேகமானது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கிறது, ஆயினும் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு எது தேவையோ அதில் பின்வாங்கியிருக்கிறது. அதே 2023இல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ ஒரே சில்லில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் வந்தது. இப்படி ஒரே கார்டு இரண்டு நினைவக அளவில் கிடைக்கும்போது, நான்கு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர் பெரியதையே எடுப்பது நல்லது. இருவரின் கார்டும் ஒரே வேகத்தில் தொடங்கினாலும், சில ஆண்டுகளில் ஒருவர் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பார், மற்றவருக்கு அந்தத் தேவை வந்திருக்காது. வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, சொந்தக் கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்குதல் ஆகிய வேலைகளுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மாதிரி முழுவதும் நினைவகத்தில் அடங்கவில்லை என்றால் வேகம் பல மடங்கு விழுந்துவிடும்.

அடுத்தது வசதிகள். 2019 ஜூலையில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், அதன் போட்டியாளரான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி ஆகிய இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே 8 ஜிபி நினைவகத்தோடு வந்தன. அன்றைய விளையாட்டுகளில் ஏஎம்டியின் கார்டே வேகமானது. ஆனால் அதில் ரே டிரேசிங்குக்கான (ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) தனி வன்பொருளும் மெஷ் ஷேடர் (முப்பரிமாண வடிவங்களைத் திறமையாக வரையும் முறை) வசதியும் இல்லை. என்விடியாவின் கார்டில் இரண்டும் இருந்தன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகள் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாக்கி, குறைந்தபட்சத் தேவையாக ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரைக் குறிப்பிட்டன. வேகமான கார்டு அந்த வரம்புக்கு வெளியே நின்றது.

இந்த எடுத்துக்காட்டை வைத்து, புதிய வசதி எதுவானாலும் அதற்குப் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். அந்தத் தடை எழும்ப ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வாங்கியவர் அதிக ஃபிரேம்களை அனுபவித்திருக்கிறார். அதனால் ஒரு வசதியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். விளையாட்டு உருவாக்குபவர்கள் இதை ஒருநாள் கட்டாயமாக்கக்கூடுமா, அல்லது எப்போதும் விருப்பத் தேர்வாகவே இருக்குமா? கட்டாயமாகும் நாளில் இந்தக் கார்டு என் கையில் இருக்குமா? பெரிய கன்சோல்களில் இருக்கும் வசதிகளே கணினியில் கட்டாயமாகும் வாய்ப்பு அதிகம் என்பது நல்ல வழிகாட்டி. ரே டிரேசிங், மெஷ் ஷேடர் போன்ற வசதிகள் அடங்கிய டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்ற மைக்ரோசாஃப்டின் தொகுப்பு முழுமையாக இருக்கிறதா என்பதே முதன்மையான சோதனை. ஆர்டிஎக்ஸ் 20, ஆர்எக்ஸ் 6000, இன்டெல் ஆர்க் ஆகிய வரிசைகளும் அவற்றின் அடுத்த தலைமுறைகளும் அதைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஆகப் புதிய தலைமுறைக்குப் போக வேண்டியதில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் விருப்பத் தேர்வு என்ற வகையில் அடங்கும். அது கணக்கிட்ட ஃபிரேம்களுக்கு நடுவே புதிய ஃபிரேம்களைச் செருகி அசைவை மிருதுவாக்குகிறது. உங்கள் விரல் அழுத்தத்துக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தை அது குறைப்பதில்லை, சற்றுக் கூட்டவே செய்கிறது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070 அறிமுகமானபோது, அது முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090க்கு இணையான செயல்திறன் தரும் என்று சொல்லப்பட்டது இந்த உத்தியைக் கணக்கில் சேர்த்துத்தான். முன்னதில் 12 ஜிபியும் பின்னதில் 24 ஜிபியும் இருப்பதே இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் போதுமான சான்று. ஆகவே விமர்சனங்களைப் படிக்கும்போது ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத வரைபடங்களையே ஒப்பிடுங்கள். சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் உத்தியின் நிலை வேறு: அதன் 2025ஆம் ஆண்டின் மேம்பட்ட வடிவம் 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கிடைத்தது. மாறாக, ஏஎம்டியின் இதே வகை உத்தியான எஃப்எஸ்ஆர் 4 அதே ஆண்டு வந்தபோது புதிய ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டுமே அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. எனவே இந்த ஒரு கேள்விக்கு, எந்த நிறுவனத்தின் கார்டு என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

புதியது என்றால் பழையதில் இருந்த எல்லாம் அதிலும் இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வெளியானபோது 32 பிட் பிசிக்ஸ் (PhysX; விளையாட்டில் பொருள்களின் அசைவைக் கணக்கிடும் என்விடியாவின் தொழில்நுட்பம்) ஆதரவு நீக்கப்பட்டிருந்ததால், அதைப் பயன்படுத்திய பழைய விளையாட்டுகள் சிலவற்றில் புதிய கார்டு பழைய கார்டைவிட மோசமாக ஓடியது. பழைய விளையாட்டுகளை விரும்பி ஆடுபவர் தம் பட்டியலை வாங்குமுன்னே சரிபார்க்க வேண்டும்.

கணினியின் மற்ற பாகங்களை வாங்குமுன் ஒருமுறை பாருங்கள்: பவர் சப்ளையின் திறன், அதில் உள்ள இணைப்பான், கேபினெட்டில் கார்டு அடங்கும் நீளம். பலர் கவனிக்காத ஒன்று பிசிஐஇ. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் தரவு செல்லும் 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்களையும், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 தடங்களையுமே பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில், நினைவகம் நிரம்பும் வேளைகளில் இவை மேலும் பின்தங்கும்.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவின் காலமும் கணக்கில் சேர வேண்டும். 2016இல் தொடங்கிய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டுகளுக்கான டிரைவர் மேம்பாடுகள் 2025 அக்டோபர் வரை வந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. புதிய தலைமுறை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருவதால், முந்தைய தலைமுறையை வாங்குபவர் இந்த ஆயுளில் இரண்டு ஆண்டை இழக்கிறார். ஐந்து ஆண்டு வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பன்று. எட்டு ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு அது புதியதை வாங்க நல்ல காரணம்.

இவற்றையெல்லாம் பார்த்த பின் ஒரே விலையில் இரண்டு கார்டுகள் மிஞ்சினால், நினைவகம் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; நினைவகமும் வசதிகளும் சமமானால் மட்டும் புதிய தலைமுறைக்குப் போங்கள். உச்சியில் உள்ள கார்டுக்கும் நடுத்தரக் கார்டுக்கும் இடையே தயங்குபவர், நடுத்தரத்தை வாங்கி விலை வித்தியாசத்தை எடுத்து வைத்து, மூன்று நான்கு ஆண்டில் பழையதை விற்றுவிட்டு அந்நாளைய நடுத்தரக் கார்டை வாங்குவதே பெரும்பாலும் மேலானது, ஏனெனில் இன்று யாரும் ஊகிக்க முடியாத வசதிகள் அந்தக் கார்டில் இருக்கும். அடுத்த தலைமுறையின் அறிவிப்பு ஓரிரு மாதத்தில் வரும் என்று உறுதியாகத் தெரிந்து, இப்போதைய கார்டும் ஓடிக்கொண்டிருந்தால், காத்திருங்கள். கார்டு பழுதாகிவிட்டதென்றால் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன நினைவகச் சோதனையையும் டைரக்ட்எக்ஸ் சோதனையையும் தாண்டும் கார்டு எந்தத் தலைமுறையில் கிடைத்தாலும் வாங்கிவிடலாம்.